பின்கழுத்தில் ஒரு கல்

இரண்டில் எது நல்லது என்று உங்கள் மகள் கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னீர்கள். என்னைப் பேச வைப்பதற்காகச் சொல்லியிருக்கலாம். உங்களுக்கு மகளே இல்லாமலும் இருக்கலாம். ஆனாலும் அது நல்ல கேள்வி. தோலில் துளை போட்டு நகை மாட்டிக்கொள்ள எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அதைக் கேட்காமலே நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சர்ஃபேஸ் பியர்சிங் என்றால் தோலில் இரண்டு துளை. ஒன்றில் நுழைந்து, தோலுக்கு அடியில் கொஞ்ச தூரம் ஓடி, இன்னொன்றில் வெளியே வரும் ஒரு கம்பி. ஸ்டேப்ளர் பின் மாதிரி வளைந்திருக்கும். வெளியே தெரிவது இரண்டு முனைகளிலும் உள்ள குண்டுகள் மட்டும். ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஆறிய பிறகும் உடம்பு அதை வேண்டாத விருந்தாளியாகத்தான் நடத்தும். கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளி, ஒரு நாள் வெளியே அனுப்பிவிடப் பார்க்கும். ஒரு வசதி உண்டு. போதும் என்று தோன்றினால் குண்டைக் கழற்றிவிட்டுக் கம்பியை உருவிவிடலாம். யார் தயவும் வேண்டாம்.

டெர்மல் ஆங்கருக்கு ஒரே துளை. அடியில் அரிசி நீளத்துக்கு ஒரு பாதம், அதில் சின்னச் சின்ன ஓட்டைகள். தோலுக்கு அடியில் அதை நுழைத்து வைத்துவிட்டால், சதை அந்த ஓட்டைகள் வழியாக வளர்ந்து பாதத்தைப் பின்னிக்கொள்ளும். பாதத்திலிருந்து ஒரு குட்டித் தண்டு மேலே வரும். அதன் தலையில் கல்லைத் திருகி வைப்போம். சீக்கிரம் ஆறிவிடும். ஆனால் பிடித்துவிட்டால் பிடித்ததுதான். எடுக்க பிளேடு வேண்டும். தழும்பு நிற்கும்.

எனக்கு எப்போதும் ஆங்கர்தான் பிடிக்கும்.

நான் விலங்கியல் படித்தவன். படிப்புக்கேற்ற வேலை கிடைக்கும்வரை என்று அந்தக் கடையில் சேர்ந்தேன், பிறகு வேறு வேலை தேடவில்லை. கடை அக்காவுடையது. உடன்பிறந்த அக்கா இல்லை, எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஊசி பிடிக்கவும், இடுக்கி பிடிக்கவும், கையுறையைத் தோலில் படாமல் கழற்றவும் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவள்தான். நேற்று ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் பேசியதும் அவள்தான் என்று தெரியும். எனக்கு அவள்மேல் கோபமில்லை.

என் மனைவி நீச்சல் சொல்லிக்கொடுத்தாள். குளத்துப் பிள்ளைகள் அவளைத் தவளை மிஸ் என்பார்கள். காலை மடக்கி, விரித்து, சேர்த்து உதைப்பதைத் தரையில் குப்புறப் படுத்தே செய்து காட்டுவாளாம். வீட்டிலும் செய்வாள். விடிவதற்கு முன்னால் போனால் ஒரு தடவை வந்து தலைகாட்டிவிட்டு மறுபடி சாயங்காலம் போவாள். நான் கடையிலிருந்து வரும்போது வீடு பூட்டியிருக்கும். அது ஒரு குறை இல்லை. சொல்கிறேன், அவ்வளவுதான்.

குளத்தில் டைல்ஸ் மாற்றுகிறார்கள் என்று சில வாரம் மூடினார்கள். தண்ணீரில் இறங்காமல் இருக்கப்போகிற நேரம், இப்போதே போட்டுக்கொள்கிறேன் என்று கடைக்கு வந்தாள். பின்கழுத்தில், முடியைத் தூக்கிக் கட்டினால் மட்டும் தெரிகிற இடத்தில் கேட்டாள்.

"நாளைக்கே போரடிச்சா என்ன பண்றது? சர்ஃபேஸ்னா நானே கழட்டிப் போட்டுடலாம்ல?"

"குளம் திறக்கறதுக்குள்ள அது ஆறாது. ஆங்கர் ஆறிடும்," என்றேன்.

"எனக்குப் பின்னாடி கண்ணு கிடையாது டாக்டரே. தினம் யாரு பாக்கறது, யாரு தொடைக்கறது?"

டாக்டரே என்பது கிண்டல். என் பட்டத்துக்கு அவள் கொடுத்த மரியாதை.

"நான் இருக்கேன்ல."

அக்கா ஊசி உறையைப் பிரித்துக்கொண்டே சிரித்தாள். "கேட்டுக்கோ. கல்யாணமான புதுசுல எல்லாரும் சொல்றதுதான். சாட்சிக்கு நான் இருக்கேன்."

நான்தான் போட்டேன். நல்ல வேலை. ரத்தம்கூட அதிகம் வரவில்லை.

அந்த வாரங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். சாயங்காலம் நான் வரும்போது விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அவள் சாப்பாட்டு மேஜை நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் கையை மடித்து வைத்து, அதில் நெற்றியைச் சாய்த்துக்கொள்வாள். நான் உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்துக் கல்லைச் சுற்றித் துடைப்பேன். அவள் அன்றைக்கு நடந்ததையெல்லாம் சொல்வாள். பக்கத்து வீட்டுச் சண்டை, அவள் அம்மா போனில் அழுதது, எதுவாவது. முகம் தெரியாது, குரல் மட்டும் வரும். சில நாள் பேசிக்கொண்டே தூங்கிவிடுவாள். அந்த வீட்டில் நான் ஒருத்திக்குத் தேவைப்பட்டேன்.

குளம் திறக்கும் தேதி வந்தது.

"ஆறிடுச்சா?" என்று நாற்காலியில் சாய்ந்தபடியே கேட்டாள்.

ஆறியிருந்தது. சிவப்பு இல்லை, கசிவு இல்லை. கல்லை லேசாக அசைத்துப் பார்த்தேன், தோலும் சேர்ந்து அசைந்தது. பிடித்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

"இன்னும் இல்லை," என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது.

"போட்டோ எடுத்துக் காட்டு. நம்பவே முடியல, அரிப்புகூட இல்லையே."

"நாளைக்கு வெளிச்சத்துல எடுக்கறேன்."

பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் அதை உண்மையாக்கினேன்.

சிரமமில்லை. கடை இடுக்கி ஒன்று வீட்டில் இருந்தது. மறுநாள் துடைக்கும்போது கல்லுக்குக் கீழே தண்டைப் பிடித்து ஒரு சின்னத் திருப்பு திருப்பினேன். உள்ளே நூல் அறுவதுபோல விரலுக்குத் தெரிந்தது. அவள் "ஸ்ஸ்" என்றாள். பஞ்சு மாட்டிக்கொண்டது என்றேன். அதற்கடுத்த நாள் போட்டோ எடுத்துக் காட்டினேன். சிவந்திருந்தது.

"சே, பாவி உடம்பு," என்றாள். குளத்துக்குப் போன் போட்டு இன்னும் கொஞ்ச நாளாகும் என்று சொன்னாள். சமைக்கப் போனாள். அன்று இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

இதை நீங்கள் கொடுமை என்று எழுதிக்கொள்வீர்கள். நான் அப்படி யோசிக்கவில்லை. காயம் என்பது ஆறக்கூடியது. எப்போது வேண்டுமானாலும் ஆறவிடலாம் என்று இருந்தேன். ஆற ஆரம்பித்தால் அவள் பையை எடுத்துவைப்பாள், நீச்சல் கண்ணாடியைத் துடைப்பாள், தரையில் கால் உதைப்பாள். அப்போது மட்டும் ஒரு திருப்பு. மற்ற நாளெல்லாம் மிகச் சுத்தமாகத்தான் பார்த்துக்கொண்டேன். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்த பிறகுதான் உப்புப் போடுவேன். அவள் அம்மாவிடம் கேளுங்கள். இழவு வீட்டில்கூட என் கையைப் பிடித்துக்கொண்டு, "குழந்தையைப் பாக்கற மாதிரி பாத்துக்கிட்டீங்களே மாப்பிள்ளை," என்றுதான் அழுதார்கள்.

பிறகு அந்த வேலை வந்தது. வேறு ஊரில் ஒரு பெரிய நீச்சல் பள்ளி. போட்டிக்குப் போகிற பிள்ளைகளுக்குப் பயிற்சி. அங்கேயே அறை. விடுமுறைக்கு வீடு.

"நீயும் வந்துடு. அங்க யாருக்கும் காது மூக்கு இல்லையா என்ன?" என்றாள்.

யோசிக்கலாம் என்றேன். அவள் யோசித்து முடித்திருந்தாள் என்பது முதுகிலேயே தெரிந்தது.

என்னிடம் சொல்லாமல் அக்காவிடம் போய்விட்டாள். நான் அன்று உள்ளறையில் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் குரல் கேட்டு வெளியே வந்தபோது நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அக்கா விளக்கை இழுத்துக் கழுத்துக்கு நேராக வைத்திருந்தாள். கட்டைவிரலால் சுற்றி அழுத்தினாள். நேரம் எடுத்துக்கொண்டாள். என் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னடி இது, இத்தனை மாசத்துக்குப் பாறை மாதிரி நிக்கணும். ஆடுது. தூக்கத்துல நோண்டறியா?"

"நானா? நான் படுத்தா கட்டை. இவரைக் கேளுங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். "துண்டுல மாட்டிக்குதாடா?"

"முடியில மாட்டுது போல," என்றேன்.

அக்கா மறுபடி குனிந்தாள். கல்லைத் திருகிக் கழற்றப் பார்த்தாள். அது இறுக்கமாக இருந்தது. "முடியில மாட்டினா கல்லுதானே லூஸாகும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதற்குள் யாரோ கதவைத் திறந்து, மூக்குத்தி எவ்வளவு என்று கேட்டார்கள்.

அந்த ஒரு மூக்குத்தி வராமல் இருந்திருந்தால் எல்லாம் வேறு மாதிரி போயிருக்கும். நானும் அதை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

அக்கா கையுறையைக் கழற்றினாள். "எடுத்துடலாம். அடுத்த வாரம் வா, இன்னிக்குச் சிவந்திருக்கு. புண் ஆறினதும் ஆசை இருந்தா சர்ஃபேஸ் போட்டுவிடறேன். பிடிக்கலைன்னா நீயே உருவிப் போட்டுட்டு உன் வேலையைப் பாரு."

"அதைத்தான் நான் முதல்லயே கேட்டேன்," என்றாள் என் மனைவி. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

அந்த வாரத்தில் ஒரு நாள் அவள் குளத்துக்குப் போனாள். நீர் புகாத பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு, பிள்ளைகளிடம் விடைபெற என்று போய், இறங்கிவிட்டாள். நான் இறங்காதே என்று சொல்லியிருந்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். திறந்த காயத்தோடு தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது எல்லோருக்கும் நாங்கள் சொல்கிற முதல் பாடம்.

சாயங்காலம் வழக்கம்போல நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். முடியைத் தூக்கியதும் குளோரின் வாசனை வந்தது.

கை கழுவ மறந்துவிட்டேன் என்று உங்களிடம் முதலில் சொன்னேன். மறக்கவில்லை. கழுவக் கூடாது என்று நினைத்ததாகவும் சொல்ல முடியாது. குழாய் வரைக்கும் போனேன். திறக்கவில்லை. கடையிலிருந்து அப்படியே வந்த கை. இடுக்கியும் கடைப் பையில் கிடந்ததுதான். அன்று கொஞ்சம் அதிகமாகத் திருப்பினேன். அவள் நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வலிக்குதுப்பா."

"முடிஞ்சுது," என்றேன்.

முதலில் குளிர் என்றாள். பிறகு காய்ச்சல். கழுத்திலிருந்து தோள்வரை சிவந்து வீங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். மாத்திரைக்குக் கேட்கும், காலையில் பார்க்கலாம் என்றேன். காலையிலும் கேட்டாள். சாயங்காலம் போகலாம் என்றேன். ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். முதல் வேலையாக அதை எடுத்துவிடுவார்கள். எடுத்த பிறகு ஒரு பொட்டுப் புண். அது ஆற எத்தனை நாள்? பிறகு ரயில்.

நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டே இருந்தேன். நான் தூங்கவில்லை. அக்கா போன் செய்தாள், சளிக் காய்ச்சல் என்றேன். மாமியார் போன் செய்தார்கள், தூங்குகிறாள் என்றேன். அவள் போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. கடைசியில் அவள் ஆஸ்பத்திரி என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். போர்வைக்குள் கால் அசைந்தது. மடக்கு, விரி, சேர். மடக்கு, விரி, சேர். யாரோ ஒரு குழந்தைக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். நிம்மதியாகத்தான் இருந்தாள். அது நின்றபோதுதான் ஆம்புலன்சைக் கூப்பிட்டேன்.

ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்றார் டாக்டர். நகைகளோடு அந்த ஆங்கரையும் ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள். துக்கம் விசாரிக்க வந்த அக்கா டப்பாவைத் திறந்து பார்த்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் போய் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். தண்டைச் சுற்றி இடுக்கியின் பல் தடம், ஒன்றின்மேல் ஒன்றாக. கல் மட்டும் போட்ட அன்றைக்கு இருந்தபடியே இறுக்கமாக இருந்தது.

நான் செய்த பிழை அது ஒன்றுதான். தொழில் தெரியாதவன் கல்லைப் பிடித்துத் திருப்பியிருப்பான். அது கழன்று கையோடு வந்திருக்கும், தண்டு அசைந்திருக்காது. ஆங்கரைத் திருப்ப வேண்டுமானால் கல்லுக்குக் கீழே தண்டைத்தான் பிடிக்க வேண்டும். அப்படித்தான் அக்கா எனக்குக் கற்றுக்கொடுத்தாள். நான் முறைப்படி செய்தேன். அதனால்தான் அவளுக்குத் தெரிந்துபோனது. டப்பாவை மூடி என் கையில் கொடுக்காமல் தன் பையில் போட்டுக்கொண்டாள். "முடியில மாட்டுது, இல்ல?" என்று மட்டும் கேட்டாள். என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

கொன்றாயா என்று கேட்டால், ஆமாம். நான் திருகியதால் வந்த புண், நான் கழுவாத கை, நான் கூட்டிப்போகாத ஆஸ்பத்திரி. கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவளைச் சாகவைக்க வேண்டும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. ஆறாமல் இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

உங்கள் மகளுக்குப் பதில் சொல்லவில்லை இன்னும். ஆங்கரே போட்டுக்கொள்ளட்டும். சீக்கிரம் ஆறும், பார்க்கவும் அழகு. பின்கழுத்தில் மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். தன் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், தன் கை எட்டுகிற இடத்தில் போட்டுக்கொள்ளட்டும். என் மனைவிக்கு நான் இருந்தேன். எல்லோருக்கும் அப்படி ஒரு ஆள் அமைவதில்லை.