வலது காலு மட்டும்

...காலுன்னு ரெண்ட எதுக்குக் குடுத்தாரு கடவுளு? நடக்கறதுக்கு, சேத்துல எறங்கறதுக்கு, பஸ்ஸுல ஏறி அடுத்தவங்க கால மிதிக்கறதுக்கு. அவ்ளோதான? அத வெச்சிகினு இன்னா பாடு படுத்தறாங்கன்ற... மிதிச்சிட்டனா கண்ணு? ஐயோ, வலிக்குதா? தோ, தொட்டுக் கும்புட்டுக்கறன். கொஞ்சம் தள்ளிக் குந்து. அப்பாடா! அந்த ஜன்னல எறக்கி வுடேன். வெயிலுக்கு இல்ல. ரோட்டோரம் எங்கூரு சனம் நிக்கும், யாரு கண்லயும் நான் படக்கூடாது. தாண்டிடுச்சா? சரி, தொறந்துக்க. புழுங்குது.

நீ எதுவரைக்கும்? வெள்ளிமலையா! நானும் அங்கதான். எந் தங்கச்சிய அங்கதான் கட்டிக் குடுத்திருக்குது. அவளுக்கு ஒடம்பு சரியில்ல. இல்ல, நல்லாத்தான் இருக்கறா. இருந்தாலும் போய்ப் பாக்கணும்ல? இன்னிக்கேதான் பாக்கணுமான்னு கேக்காத. நீ இன்னா வேல... டீச்சரா? மலையில பள்ளிக்கூடமா? அய்யே, நீ வா போன்னு பேசிட்டனே! மன்னிச்சிக்குங்க டீச்சரம்மா. கள்ளக்குறிச்சியில மீட்டிங்கா? வெச்சிகினே இருப்பாங்க. அவுங்களுக்கு வேற இன்னா வேல.

எங் காலப் பாக்காதீங்க டீச்சரம்மா. பாக்காதீங்கன்னு சொன்னா ஒடனே பாக்கறீங்களே! ரத்தந்தான், ஒண்ணுமில்ல. எடது குதிகாலு. செங்கல்லு போட்டுத் தேச்சிகினே இருந்தனா, தோலு போனது தெரியல. அதான் செருப்பக் கழட்டி கீழ வெச்சிட்டன். பட்ட ஒரசுனா உசுரு போவுது. எதுக்குத் தேச்சன்னு கேளுங்க. கேளுங்களேன்! கேக்கலன்னாலும் சொல்லத்தான் போறன், வெள்ளிமலை வரைக்கும் எனக்கும் போது போவணும்ல.

நாங்க மாதா கோயிலுக்காரங்க. இன்னிக்கி எங்களுக்கு பெரிய வியாழன். நாளக்கி ஏசுநாதரு செத்த நாளு. அதுக்கு முந்தின ராத்திரி அவரு இன்னா பண்ணாரு, சாப்பாட்டுலேருந்து எழுந்து, துண்ட இடுப்புல கட்டிகினு, தன்னோட சீடருங்க பன்னெண்டு பேருக்கும் காலக் கழுவி வுட்டாரு. வேலக்காரன் பண்ற வேல. அத நெனச்சிதான் வருசா வருசம் இன்னிக்கிப் பொழுதுசாய பூசையில பன்னெண்டு பேர நாற்காலியில உக்கார வெச்சி, சாமியாரு முட்டி போட்டு, காலக் கழுவி, தொடச்சி, முத்தங் குடுப்பாரு. ஆமா டீச்சரம்மா, கால்லதான் முத்தம்!

நல்ல சடங்குதான். நான் தப்பு சொல்லல. ஆனா யாரு அந்தப் பன்னெண்டு பேரு? எங்க கோயிலு கமிட்டித் தலைவரு தங்கதுரைன்னு ஒருத்தரு. ரெண்டு லாரி வெச்சிருக்கறாரு. அவரு, அவரு மச்சான், மச்சானுக்கு மச்சான், இப்பிடித்தான். எல்லாரும் வூட்லியே சோப்பு போட்டுக் கழுவி, பவுடரு அடிச்சிகினு வந்து குந்துவாங்க. அப்பறம் சாமியாரு இன்னாத்தக் கழுவறது? ஊத்தின தண்ணி ஊத்தின மாதிரியே தாம்பாளத்துல நிக்கும். அத எடுத்துக் காப்பி போடலாம்.

இந்த வருசம் சாமியாரு புதுசு. சின்ன வயசு, கண்ணாடி போட்டிருப்பாரு. போன மாசம் ஒரு ஞாயித்துக்கெழம, பூசை முடிஞ்சதும் தங்கதுரை எழுந்து பழைய பன்னெண்டு பேரயே வாசிச்சாரு. சாமியாரு எங்களப் பாத்து, யாருக்காச்சும் ஏதாச்சும் சொல்லணுமான்னு கேட்டாரு. அது ஒரு பேச்சுக்குக் கேக்கறது டீச்சரம்மா. எல்லாரும் சும்மா இருக்கணும், அதான் மரியாதி. ஆனா கடைசியில குந்திகினு இருந்தா ஒரு பொம்பள. வாயாடி. அடங்காதவ. நாக்குல சனி. அவ எழுந்து நின்னு கேட்டுட்டா. 'ஏஞ் சாமி, வருசா வருசம் கழுவின காலயே கழுவறீங்களே, சேத்துக் காலு ஒண்ணு வந்தா கழுவ மாட்டீங்களா?'

கோயிலே சிரிச்சிது. தங்கதுரைக்கு மூஞ்சி சுண்டிப் போச்சி. சாமியாரு மட்டும் சிரிக்கல, கோவிச்சிக்கவும் இல்ல. கண்ணாடியக் கழட்டித் தொடச்சிகினே இருந்தாரு. அப்பறம் சொல்றாரு, 'சரியான கேள்விம்மா. இந்த வருசம் நீங்களே ஆளக் கூட்டிகினு வாங்க. ஆம்பளயானாலும் சரி, பொம்பளயானாலும் சரி, சேத்துல எறங்கறவங்களா பன்னெண்டு பேரு'ன்னுட்டாரு. இப்பல்லாம் பொம்பளைங்களும் குந்தலாமாம், சட்டம் மாறிப் போச்சாம். அந்தப் பொம்பளையும் வூடு வூடாப் போயி ஆளு புடிச்சா. அதுல எம் பேரும் வந்திடுச்சி. சவுரியம்மா! மைக்குல சொன்னாங்க டீச்சரம்மா. எம் பேரு அந்த மைக்குல வந்தது எங் கல்யாணச் சேதிய ஓலன்னு பூசையில வாசிச்சப்ப. இனிமே செத்தாத்தான் வரும்னு இருந்தன்.

அன்னிலேருந்து ஆரம்பிச்சிது எங் காலுக்குக் கேடு.

வருசம் பூரா நடவு, கள, கரும்புக்குத் தண்ணி கட்டறது. காலு எப்பிடி இருக்கும்? வெடிப்புல பல்லி முட்ட வெக்கலாம். பக்கத்து வூட்டு அம்சவள்ளி இருக்கறாளே, அவ மாரியம்மன் கோயிலுக்குப் போறவ, ஆனா எங் காலு மேல எங்க சாமியார வுட அவளுக்குத்தான் அக்கற. 'எக்கா, இந்தக் கால வெச்சிகினா சாமியாருகிட்ட நீட்டப் போற? அவரு வாயி கிழிஞ்சிடும்க்கா'ன்னா. மெழுகுவத்திய உருக்கி வெடிப்புல ஊத்துனா. ஐயோன்னு கத்துனன். வேப்பெண்ண தடவுனா. நாயிகூட கிட்ட வரல. அப்பறம் மஞ்சா. அப்பறம் அத மறைக்க மருதாணி. அம்பது வயசுல கல்யாணப் பொண்ணு மாதிரி செவப்புக் காலு! அத எடுக்கத்தான் செங்கல்லு. தேச்சி முடிச்சி ரத்தம் வந்தப்பறம் எங்க வூட்டுக்காரு சாவகாசமா வந்து சொல்றாரு, 'வலது காலு மட்டுந்தான்டி கழுவுவாங்க, எடது கால எதுக்கு இந்தப் பாடு படுத்தற'ன்னு. முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? வாய்ல கொழுக்கட்டயா?

அந்த ஆளப் பத்தி ஆரம்பிச்சா நாளக்கி வரைக்கும் பேசுவன். கருவ முள்ளு ஏறி நான் துடிச்சிகினு இருக்கறன், ஊக்க நீட்டி 'நீயே எடுத்துக்க, எனக்குக் கண்ணு தெரியல'ன்னாரு. சீட்டாடறதுக்கு மட்டும் தெரியும். கட்டினவனே தொடாத காலு டீச்சரம்மா இது. அத ஒரு சாமியாரு, படிச்சவரு, பூசை வெக்கற கையால...

சிரிக்கறீங்களா? சிரிங்க. உங்களுக்கின்னா. இன்னா கேக்கறீங்க? அந்த வாயாடிப் பொம்பளயா? அவளும் பன்னெண்டுல ஒருத்திதான். அவ பேரா? பேரு எதுக்கு இப்ப... எப்பிடிப் பாக்கறீங்க பாரு! இதுக்குத்தான் டீச்சருங்க பக்கத்துல குந்தக் கூடாதுன்றது. ஆமா. நாந்தான். நானேதான் எழுந்து கேட்டன். யாரும் எழுதிக் குடுக்கல.

கேட்டதுக்குக் காரணம் இருக்குது. நான் வேலைக்குப் போற வூட்டுல கமலான்னு ஒரு அம்மா. வூட்டுக்குப் புதுசா டைல்ஸ் போட்டிருந்தாங்க. பறிச்ச மல்லாட்ட மூட்டைய உள்ள கொண்டாந்து வையின்னாங்க. காலக் கழுவிகினுதான் போனன். வெச்சிட்டுத் திரும்பிப் பாக்கறன், நான் நடந்து வந்த அடிய ஒவ்வொண்ணா, ஈரத் துணிய கால்ல போட்டுத் தேச்சிகினே பின்னால வருது அந்தம்மா. திட்டல. தேச்சிகினே வந்திச்சி. வாயி இவ்ளோ நீளம் வெச்சிருக்கறனே, அன்னிக்கி ஒரு சொல்லு வரல. அந்தச் சொல்லுதான் கோயில்ல வந்து வுழுந்துது. தங்கதுரைக்கு நேரம் சரியில்ல.

சாமியாரு பிரசங்கத்துல சொல்லுவாரு, கடவுளு மனுசனத் தன்னோட சாயல்ல படைச்சாருன்னு. ஒவ்வொருத்தரயும் ஒரு காரணம் வெச்சிதான் படைச்சாரு, யாரும் சும்மா வந்து பொறக்கலன்னு. நல்லாத்தான் சொல்றாரு. ஆனா என்ன இன்னா காரணத்துக்குப் படைச்சாரு? குனியறதுக்கு. நாத்துக்குக் குனி, களைக்குக் குனி, மூட்டைக்குக் குனி. எனக்கு முன்னாடி ஒருத்தரும் குனிஞ்சதில்ல. சாமியாரு குனிஞ்சா நான் எங்க பாக்கறது? மோட்டுவளையவா? அவரு தலையவா? நேத்து ஒத்திகைன்னு அந்த நாற்காலியில உக்கார வெச்சாங்க. கழுவக்கூட இல்ல, சும்மா 'இங்கதாம்மா உக்காரணும்'னு சொல்லி சாமியாரு என் எதிர்ல முட்டி போட்டுக் காட்டுனாரு. அதுக்கே எழுந்து வெளிய வந்துட்டன். அழுதுடுவன் டீச்சரம்மா! ஊரே பாக்க அழுதுடுவன். என் வாய்க்குத்தான் ஊரு பயப்படுது. அழுதுட்டன்னா அப்பறம் எவன் பயப்படுவான்?

அதான் கெளம்பிட்டன். வூட்ல யாருக்கும் தெரியாது.

தப்புன்றீங்களா? ஏசுகிட்டயே ராயப்பரு, அவருதான் சீடருங்களுக்கெல்லாம் பெரியவரு, என் கால நீங்க கழுவவே கூடாதுன்னு இழுத்துகினாராம். வெவரமான மனுசன்! ஆனா அவரயும் ஏசு வுடல. நான் உன்னக் கழுவலன்னா உனக்கும் எனக்கும் ஒறவே இல்லன்னுட்டாராம். அப்பறம் ராயப்பரு, அப்பிடின்னா தலையையும் சேத்துக் கழுவுங்கன்னு குந்திட்டாரு. அவருக்கு இன்னா, வெடிப்பு இருந்திச்சோ இல்லியோ.

மத்த பதினோரு பேரா? வருவாங்க. கரும்பு வெட்டற சவரிமுத்து எரவலா வேட்டி வாங்கி வெச்சிருக்கறாரு. அடைக்கலம் மாட்டேன் மாட்டேன்னா, நாந்தான் 'அட வாடி, நான் பக்கத்துல இருக்கறன்'னு இழுத்தன். இப்ப அவ பக்கத்துல நாற்காலி காலியா இருக்கும். காலியா எங்க இருக்கும்? தங்கதுரை முன்வரிசையிலியே குந்தியிருப்பாரு. அவரு காலு எப்பவும் தயாரா இருக்கும். 'பாத்தீங்களா சாமி, இவுங்கள நம்பினா இப்பிடித்தான்'னு சொல்லிகினே ஏறிக் குந்துவாரு.

அந்த ராத்திரியில பன்னெண்டு பேருல ஒருத்தன் எழுந்து போனான், தெரியுமா? யூதாசு. ஏசுவக் காட்டிக் குடுத்தவன்... அவன்கூட காலக் கழுவிகினுதான் போனான் டீச்சரம்மா. நான் கழுவாமலே ஓடறன்.

யப்பா! டிரைவரே, மாட்டு மேல ஏத்தப் பாத்தியே! ஐயோ எஞ் செருப்பு... ஒண்ணு முன்னாடி போயிடுச்சி பாரு. அந்த சீட்டுக்குக் கீழ. யாராச்சும் காலால இப்பிடித் தள்ளி வுடுங்கப்பா. டீச்சரம்மா, நீங்க எங்க எழுந்துக்கறீங்க? வேணாம். குனியாதீங்க! அழுக்குச் செருப்பு அது, கையால எடுக்காதீங்க! சரி குடுங்க, கையில குடுங்க, நான் போட்டுக்கறன்... இன்னா பண்றீங்க? கீழ முட்டி போட்டுகினு... பஸ்ஸுல எல்லாரும் பாக்கறாங்க! நீங்க டீச்சரு, எங் கால வுடுங்க! அது இன்னா, பிளாஸ்திரியா? எரியும்... கூசுது...

...

எரியல.

ஒண்ணும் ஆவல டீச்சரம்மா. கண்ல தூசி. அழுவலாம் இல்ல. சரி, அழுவறன், இப்ப இன்னா? நீங்களும் முழுங்கிட மாட்டீங்க, பஸ்ஸும் கவுந்துடல. இவ்ளோதானா இது? இதுக்கா வூட்ட வுட்டு ஓடறன்?

மணி இன்னா ஆச்சி? மூணா? பூசைக்கு நேரம் இருக்குது. கச்சிராயபாளையம் வரலியே இன்னும்? கண்டக்டரு! ஏ கண்டக்டரு! நிறுத்துப்பா, எறங்கணும். வெள்ளிமலைக்குத்தான் டிக்கெட்டு எடுத்தன், யாரு இல்லன்னா? எந் தங்கச்சி நல்லாத்தான் இருக்கறா, நீ நிறுத்து. அடுத்த ஸ்டாப்பெல்லாம் வேணாம், இங்கியே. எதுத்தாப்பல வர பஸ்ஸக் கை காட்டி ஏறிக்கறன்.

வரன் டீச்சரம்மா. எடது காலுக்கு நீங்க ஆச்சி. வலது கால சாமியாருக்கு வெச்சிருக்கறன். தோ பாருங்க, கரும்புக்குத் தண்ணி கட்டியிருக்கறாங்க, வாய்க்காலு ஓரம் சேறு எப்பிடிக் கெடக்குது! வலது கால அதுல ஒரு மிதி நல்லா மிதிச்சி எடுத்துகினு போறன். செருப்புல ஏத்தாம, தொடைக்காம, காஞ்ச சேத்தோடவே போயிக் குந்துவன். நான் அந்த மனுசனக் கேட்டது சேத்துக் கால. தேச்சி வெளுத்ததக் காட்டி ஏமாத்தலாமா?