வால்வுக்கு வைத்த குங்குமம்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் உமாபதி ஐயா அவர்களே, முன்வரிசையில் முகம் மலர அமர்ந்திருக்கும் பெரியோர்களே, பகலெல்லாம் பவர்லூம் ஓட்டிவிட்டுப் பரிவோடு வந்திருக்கும் நகரித் தாய்மார்களே, தம்பி தங்கையரே! ரேணிகுண்டா பக்கம் ராக்கெட் வால்வு செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் சுலோச்சனா நான், உங்களைக் கைகூப்பி வணங்குகிறேன்.

விண்ணை வெல்வது எது? வேகமா? விஞ்ஞானமா? விலையுயர்ந்த இயந்திரமா? நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

மனிதர் ஏறிச் செல்லப்போகும் ராக்கெட்டுக்கான முதல் வால்வைப் போன மாதம் முடித்தோம். எரிபொருளைத் திறந்து மூடும் கருவி அது. உள்ளே ஒரு துகள் விழுந்தாலும் மூட வேண்டிய நேரத்தில் மூடாமல் போகலாம். தறியில் இழை அறுந்தால் முடிபோட்டு ஓட்டுவீர்கள். வானத்தில் முடிபோட யார் இருக்கிறார்கள்?

அந்த வால்வைப் பொருத்தியவள் உங்கள் ஊர்த் தங்கை துர்காதேவி. புதுத் தறிக்குப் பொட்டு வைத்த கை, புது வண்டிக்குப் பொட்டு வைத்த கை, மூடி போடும் முன் வால்வுக்கும் குங்குமம் வைத்துவிட்டது! சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்களில் யார்தான் வைத்திருக்க மாட்டீர்கள்?

மாலையில் எனக்கு போன் வந்தது. "அக்கா, பஸ்ல போய்க்கினு இருக்கேன், வடமாலபேட்டை தாண்டிடுச்சு. நல்லபடியா போவணும்னு வால்வுக்குக் குங்குமம் வெச்சிட்டேன்க்கா. உள்ள உழுந்திருக்குமோன்னு பயமா கீது. என் வேலை பூடுமாக்கா?"

வால்வை ஏற்றிப் புறப்பட்ட லாரியை வழியில் நிறுத்தினோம். வால்வைத் திறந்தோம். உள்ளே ஒரே ஒரு சிவப்புத் துகள்!

எல்லோரும் துகளைப் பார்த்துத் திகைத்தார்கள். நான் அவள் கேட்ட கேள்வியில் திகைத்தேன். வேலை போய்விடும் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? நான்தான். கைதவறி விழுந்த திருகாணியைப் பற்றித் தானே வந்து சொன்ன தம்பி சுனிலை, அத்தனை பேர் முன்னால் திட்டி, அன்றே வெளியே அனுப்பியவள் நான். அதன்பின் பத்து மாதம் ஒருவரும் ஒரு தவறும் வந்து சொல்லவில்லை. நம் ஆட்கள் தவறே செய்வதில்லை என்று பெருமைப்பட்டேனே, என் அறியாமையை என்னவென்று சொல்வேன்!

துர்காதேவி அதே மேசையில்தான் வேலை செய்கிறாள். வால்வை உள்ளே வைத்துச் சீல் போட்ட பெட்டியின் மேல் இப்போது பொட்டு வைக்கிறோம். முதல் பொட்டு அவள் வைத்தது.

கடைசி வரிசையில் நிற்கும் தம்பி சுனில்! அன்று அத்தனை பேர் முன்னால் திட்டினேன். இன்று இத்தனை பேர் முன்னால் கேட்கிறேன், என்னை மன்னித்துவிடு. திங்கட்கிழமை வேலைக்கு வா. மேலாளரின் கடிதம் என் பையில் இருக்கிறது.

என்ன கேட்கிறான்? சற்று அமைதி, அமைதி... "தப்பு நடந்தா இனிமே சொல்லலாமாக்கா?"

சொல்லு தம்பி. யாருடையதாக இருந்தாலும் சொல். என்னுடையதை முதலில் சொல்!

பொறுமையோடு கேட்ட உங்கள் பொன்னான செவிகளுக்கு நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்!