கேட் வாசலில் நிற்பதற்கு

மணலி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கழுத்தில் தீக்காயத் தழும்பு.

“உள்ள போவத் தேவையில்ல. கம்பெனி கேட்டாண்ட சும்மா நிக்கணும், அவ்ளோதான்,” என்றார் தழும்புக்காரர்.

“சும்மா நிக்கறதுக்கா என்னை லீவு போட வெச்சு இட்டாந்த?”

“மனசு டாக்டரம்மா சொல்லிக்கீது மாமு. பயம் எறங்குற வரிக்கும் அங்கியே நிக்கணுமாம்.”

“பாய்லர் வெடிச்சப்ப நானுந்தான் உள்ள இருந்தேன். எனுக்கு இன்னா ஆச்சு? வேற கம்பெனி மாறிட்டேன். அப்பால இந்தப் பக்கமே வர்ல. முடிஞ்சுது.”

தழும்புக்காரர் சட்டைக் காலரைத் தழும்பின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.

“அந்த டாக்டரம்மா கூட வராதா?” என்று கேட்டார் மற்றவர்.

“போன தபா வந்துச்சு. என்னால எறங்க முடியல. அதுவும் எறங்கல. கடைசி ஸ்டாப் வரிக்கும் பக்கத்துலயே குந்திகினு வந்துச்சு.”

“திட்டலியா?”

“இல்ல. இன்னொரு நாள் பாக்கலாம்னுச்சு.”

“நல்ல வேலைடா! பஸ்ல குந்திகினு வர்றதுக்கு சம்பளம்.”

கம்பெனி கேட் வந்தது. தழும்புக்காரர் மெதுவாக எழுந்து, இறங்கியே விட்டார். ரோட்டில் நின்று திரும்பிப் பார்த்தார். மற்றவர் சீட்டிலேயே இருந்தார். முன் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தார்.

“எறங்கு மாமு.”

“நீ நின்னுட்டு வா. நான் இங்கியே கீறேன்.”

கண்டக்டர் விசில் ஊதுவதற்குள் தழும்புக்காரர் மறுபடி ஏறி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கடைசி ஸ்டாப்புக்கு ரெண்டு குடுங்க,” என்றார்.