கூரை ஏறிய ரங்கூன் மல்லி

தகரக் கூரைக்குக் கீழே ஒரு மே மாதத்தைக் கழித்தவர்களுக்குத்தான் கொடியின் அருமை தெரியும், சார். சீத்தா கேம்ப் குடிசைகளில் என் வீட்டுக்கும் ஹபீபா வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். மேற்கு வெயில் முழுக்க அவள் கூரையில் இறங்கும். பார்க்கப் பாவமாக இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் என் வாசலில் பழைய டிரம்மில் மண்ணைப் போட்டு ரங்கூன் மல்லி வைத்து, அவள் கூரைக்கு ஏற்றிவிட்டேன். அந்தக் கொடிக்கு வெட்கம் கிடையாது. விட்டால் தெருவையே மூடிவிடும். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் நானே ஏணி போட்டு ஏறிக் கழித்துவிடுவேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் தாணேயில் என் அண்ணன் மௌத்தானார். புறப்படும்போது சாவியையும் வீட்டுக் காகிதங்களையும் ஹபீபாவிடம்தான் கொடுத்தேன். குடிசைகளை இடித்துக் கட்டப்போகிற புது பில்டிங்கில் யார் யாருக்கு வீடு என்று கணக்கெடுக்க அந்த வாரம் ஆட்கள் வந்திருக்கிறார்கள். இரண்டு வீடும் தன்னுடையது, சஃபீனாவாகிய நான் வாடகைக்கு இருக்கிறவள் என்று ஹபீபா எழுதிக் கொடுத்துவிட்டாள். என் காகிதங்கள் மழைத் தண்ணீரில் போய்விட்டனவாம்.

சண்டை போடவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டேன்.

“எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு லாத்தா. நீங்க ஒத்தக்கட்டை. எங்கயாச்சும் இருந்துக்குவீங்க.”

சொல்லிவிட்டு டீ ஊற்றிக் கொடுத்தாள். நானும் குடித்தேன்.

அதற்குப் பிறகு நான் ஏணியை எடுக்கவில்லை. அவ்வளவுதான். மீன் கழுவிய தண்ணீரை மட்டும் தவறாமல் ஊற்றினேன். செடி என்ன பாவம் செய்தது? இந்தக் கோடையில் அவள் கூரைமேல் முழங்கால் உயரத்துக்குப் படர்ந்துவிட்டது. “ஏசி போட்ட மாதிரி இருக்கு லாத்தா,” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மே கடைசியில், கூரை வேலை செய்யும் முகம்மது ஹனீப் என் வீட்டு ஒழுகலை அடைக்க மேலே ஏறினார். இறங்கி வந்தவர், “பக்கத்து வீட்டு உத்தரம் உளுத்துப்போச்சு. மழைக்கு முன்னாடி கொடிய வெட்டிருங்க. நனஞ்சா எருமக் கனம் கனக்கும்,” என்றார்.

“அவகிட்ட சொல்லிடுறேன்” என்றேன்.

சொல்லவில்லை.

ஜூலையில் நாலு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் மதியம் மூன்று மணிக்குக் கூரை இறங்கியது. பெண்பிள்ளைகள் இரண்டும் வேலைக்குப் போயிருந்தன, அல்லாஹ் காப்பாற்றினான். ஹபீபாவை வெளியே எடுத்தபோது மூச்சில்லை. இவ்வளவும் உங்களுக்குத் தெரியும். அதற்கு அரை மணி முன்னால் என்ன நடந்தது என்றுதானே கேட்கிறீர்கள்?

அவள் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள். “மேல என்னமோ முறியிற மாதிரி சத்தம் கேக்குது லாத்தா. இங்கன கொஞ்சம் படுத்துக்கட்டுமா?”

கொடி வளர்த்தது குற்றமென்றால் எழுதிக்கொள்ளுங்கள். அவள்மேல் நான் ஒரு விரல்கூட வைக்கவில்லை. பாயை வாங்கிக்கொண்டு போய், அவள் வீட்டில், அந்த உத்தரத்துக்கு நேர் கீழே, நானே விரித்துப் போட்டேன்.

“அணிலு ஓடுது புள்ள,” என்றேன். “நீ தூங்கு.”