கொடியை இறக்கியவன்

எனக்குச் சண்டை பிடிக்காது ஐயா. விவாதம்தான் பிடிக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள்தான் ஊரில் அதிகம். நீங்கள் உட்காரச் சொல்லியும் நான் நின்றுகொண்டே பேசுவதைத் திமிர் என்று நினைத்துவிடாதீர்கள். கொஞ்ச நாளாக ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் கால் தானாக ஆடுகிறது. நடந்துகொண்டே சொல்கிறேனே.

என் பெயர் ஜெயசீலன். மரக்காணம் உப்பளத்தில் சித்தப்பாவின் பாத்திகளைப் பார்த்துக்கொள்கிறேன். பக்கத்துப் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் சகாதேவன் மாமா. செத்துப்போன சித்தார்த்தன் அவருடைய ஒரே மகன், என் கூட்டாளி. அவன் கிணற்றுக்குள் இருந்தபோது மோட்டாரைப் போட்டது பெற்ற அப்பன் என்பதால் அது விபத்து என்று இந்த ஸ்டேஷனில் வழக்கை முடித்துவிட்டீர்கள். முடிவில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்த முடிவுக்கு வந்த வழி சரியில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அதற்கு முதலில் எல்ஃப்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிரிக்காதீர்கள் ஐயா. அது போனில் விளையாடும் ஒரு விளையாட்டு. அதன் பெயர் எங்கள் வாயில் நுழையாததால் ‘காடு’ என்றே சொல்வோம். நீண்ட காதும் நெடிய ஆயுசும் உள்ளவர்கள் எல்ஃப்கள். அவர்களுக்குள் மரத்து எல்ஃப், கரை எல்ஃப் என்று இரண்டு கட்சி. மரத்துக்காரர்கள் ராணியின் ஆட்கள். கரைக்காரர்கள் கடலோரத்தில் காவல் கிடப்பவர்கள். ராணியின் கோட்டையில் ஒரு வழக்கம் உண்டு. கோபுரத்தில் நீலக்கொடி பறந்தால் யாரும் கதவைத் திறக்கக் கூடாது. முற்றுகையின்போது கரை எல்ஃப் ஒருவன் அந்தக் கொடியை இறக்கிவிட்டான். கொடி இல்லை, ஆபத்து விலகிவிட்டது என்று நம்பி ராணியின் தம்பியே கதவைத் திறந்தான். எதிரி உள்ளே வந்தான், ராணி செத்தாள். இதில் துரோகி யார்? விளையாட்டைச் செய்தவர்கள் சொல்லவில்லை. அவர்களுக்கென்ன, கொளுத்திப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். உலகம் முழுக்க அடித்துக்கொள்கிறது.

நம் பக்கத்திலும் ஒரு கூட்டம் இருந்தது. குயிலாப்பாளையத்து கெஸ்ட் ஹவுஸ்களில் வேலை பார்ப்பவர்கள், இரும்பையிலிருந்து இரண்டு மூன்று பேர், நாங்கள். கீழ்புத்துப்பட்டில் செல்போன் கடை வைத்திருக்கும் வைஜெயந்திதான் குழுவை நடத்துபவள். ஞாயிறு சாயங்காலம் அவள் கடை வாசலில் கூடுவோம். கரைக் கட்சிக்கு நான் தலைவன். உப்பளத்துக்காரன் வேறெந்தக் கட்சியில் இருப்பான்? என் வாதம் எளிமையானது. கொடியை இறக்கியவன் கொடியைத்தான் இறக்கினான். கதவைத் தொடவில்லை. திறந்த கை எதுவோ அதற்குத்தான் பாவம். இதை நான் தொடங்கினால் பக்கத்தில் இருந்து சித்தார்த்தன் முடிப்பான். எங்கள் இருவரையும் மடக்க ஆள் கிடையாது. பத்தாவது தாண்டாத என்னை நாலு பேர் ‘தலைவரே’ என்று கூப்பிட்ட ஒரே இடம் அது. எனக்கு வேறு இடம் இல்லை ஐயா. இதை மறக்காமல் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

போன மாதம் ஒரு ஞாயிறு, எல்லாரும் இருக்கும்போது சித்தார்த்தன் எழுந்தான்.

“மச்சான், நல்லா யோசிச்சுப் பார்த்துட்டேன்டா. கொடிய எறக்கினவன்தான் துரோகி. தொறந்தவன் பாவம், வழக்கத்த நம்பித் தொறந்தான். நம்புனவன் மேல எப்படிடா குத்தம் சொல்றது?”

வைஜெயந்தி கைதட்டினாள். “ஜெயசீலா, இப்பவாச்சும் ஒத்துக்கோ. அடுத்த வாரம் ஓட்டு போட்டு முடிச்சிடலாம்” என்றாள். கரைக் கட்சியில் பாதிப் பேர் அப்போதே தலையாட்டினார்கள்.

“எறக்கினவனுக்கு என்ன நடக்கும்னு தெரியாதுடா” என்றேன்.

“தெரியாம எவன்டா கொடி மேல கை வெப்பான்?” என்றான் சித்தார்த்தன். எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்குக் கோபம் வரவில்லை. வருத்தம்தான், அதுவும் நிறைய. அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. உப்பு வாரும்போதும் வரப்பில் நடக்கும்போதும் அவனுக்குப் பதில் தேடிக்கொண்டே இருந்தேன். வாயால் சொல்லக்கூடிய பதில் எதுவும் அகப்படவில்லை. செய்து பார்த்தால்தான் தெரியும் என்று தோன்றியது.

உப்பளத்திலும் ஒரு வழக்கம் இருக்கிறது ஐயா. த்ரீ ஃபேஸ் கரண்ட் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்ததும் ஓடிப்போய் மோட்டாரைப் போட்டுப் பாத்திக்குத் தண்ணீர் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஆகவே கரண்ட் இல்லாத நேரம் பார்த்துக் கிணற்றில் இறங்கி, குழாய் வாயில் அடைத்த பாசியை எடுப்போம். இறங்குகிறவன் தன் துண்டைச் சுவிட்சுப் பெட்டிமேல் போட்டுவிட்டு இறங்குவான். துண்டு கிடந்தால் பெட்டியை யாரும் தொட மாட்டார்கள். கூப்பிட்டுக் கேட்பதெல்லாம் கிடையாது, கடற்காற்றில் குரல் எடுபடாது. மாமாவின் மோட்டார் பழசு, ஓடும்போது தண்ணீரில் கரண்ட் கசியும். அதுவும் உப்புத்தண்ணீர், கேட்கவா வேண்டும். மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று அவரும் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்.

ஓட்டுப் போடுவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை காலையில் சித்தார்த்தன் கிணற்றில் இறங்கினான். பெட்டிமேல் அவனுடைய பச்சைத் துண்டு. நல்ல வெயில், முகம் துடைக்க அதை எடுத்தேன். இப்படிச் சொல்லலாம் என்றுதான் வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். ஆனால் என் தோளில் என் துண்டு கிடந்தது. ஆகவே அந்தச் சாக்கு நிற்காது. சும்மாதான் எடுத்தேன். கையில் வைத்துக்கொண்டு, துரோகம் என்று ஏதாவது எனக்குள் இருக்கிறதா என்று பொறுமையாகத் தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அந்த வாரத்தில் அப்போதுதான் என் கால் ஆடாமல் நின்றது.

கிணற்று விளிம்பில் விழுந்த என் நிழலைப் பார்த்திருப்பான் போல. உள்ளிருந்து பேச்சுக் கொடுத்தான். “யாரு, சீலனா? ஞாயித்துக்கெழம வந்துடு. கோவிச்சுக்காதடா, வெளயாட்டுதான?”

“வர்றேன்டா” என்றேன். விளையாட்டுதானே என்று அவன் சொன்னது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. கரண்ட் வந்துவிட்டது, பார்த்தேன். வரப்பின் மறுமுனையில் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார், அவரையும் பார்த்தேன். துண்டோடு எங்கள் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். மாமா பெட்டியைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் போட்டார், அந்த மனிதரைக் குறை சொல்ல முடியாது. ஒரு சத்தம் வந்தது. அவர் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கிணற்றில் குதித்தார். அவர் உள்ளே இருந்தபோது நான் ஓடிவந்து துண்டைப் பெட்டிமேல் போட்டேன். பிறகு இறங்கி அவனைத் தூக்கக் கைகொடுத்தேன். உதவி செய்தேன் என்பதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நேற்று மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். சின்ன வயசிலிருந்து சாப்பிட்ட வீடு. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். எங்கள் ஊரில் அந்தக் கணக்குப் பார்த்தால் யாரையும் மறக்க முடியாது. மாமாவுக்குச் சோறு இறங்குவதில்லை. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

“துண்டு இருந்துச்சாப்பா? என் கண்ணுல படலியே. நெசமாவே இருந்துச்சா?”

“இருந்துச்சு மாமா. பச்சத் துண்டு. நான் பார்த்தேன்.”

“இந்தக் கண்ணு அவிஞ்சு போவட்டும்” என்று இரண்டு கையாலும் கண்ணில் குத்திக்கொண்டார். அத்தையும் நானுமாகப் பிடித்து நிறுத்தினோம். நகம் கிழித்து ரத்தம் வந்துவிட்டது. பாவமாக இருந்தது ஐயா. ஆனால் இல்லை என்று சொன்னால், எடுத்தது யார் என்று தேடிக்கொண்டு திரிவார். இந்த வயதில் அவருக்கு எதற்கு அந்த அலைச்சல்?

வைஜெயந்தி துக்கத்துக்காகக் குழுவை மூடிவிட்டாள். ஓட்டே நடக்கவில்லை. யாரிடம் பேச வாயெடுத்தாலும் அழுகிறார்கள். விவாதம் பாதியில் நிற்கிறது, அதை யாராவது ஒருவர் கேட்டு முடித்துவைக்க வேண்டாமா? துண்டை எடுத்தவன் நான். விளக்கு எரிந்தது தெரிந்தும் வாய் திறக்காதவன் நான். திரும்பப் போட்டதும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் மோட்டாரைப் போட்ட கை மாமாவுடையது, அதை அவரே ஒத்துக்கொள்கிறார். சித்தார்த்தன் நியாயம் தெரிந்தவன் ஐயா. அவன் மட்டும் இப்போது உயிரோடு இருந்தால், எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, தலைவர் சொன்னதுதான் சரி என்று சொல்லியிருப்பான்.