துருவுக்கு என்ன கலரு

ஜெயராஜ்: இருங்கண்ணே… பார்த்துக்கிட்டுதானே இருக்கேன். உக்காந்து ஒரு வாய் கோப்பி குடிக்கல, அதுக்குள்ள சொல்லு சொல்லுன்னா?

நாகையா: கோப்பி எங்கயும் ஓடிராது. ஜன்னல் பக்கம் கொண்டு போ. வெளிச்சத்துல பாரு.

ஜெயராஜ்: வாரம் பூரா வயரிங் வேலை, ஞாயித்துக்கிழமை இந்த வேலை. உங்களுக்கு முதுகு வலிக்கவே வலிக்காதா?

நாகையா: வலிக்குது. அஞ்சு வாரமா வலிக்குது. நீ எஞ்சினப் பாரு.

ஜெயராஜ்: அண்ணி எங்க?

நாகையா: தங்கச்சி வீட்டுக்கு ஜெஞ்சாரோம் போயிட்டா. பெயிண்டு தின்னர் நாத்தத்துல தலை சுத்துதாம். பேச்சை மாத்தாத லா.

ஜெயராஜ்: சரி சரி… வி எய்ட்டு எஞ்சினா?

நாகையா: வி எய்ட்டு. பூடு கடைத்தெருவுல வாங்குன காரு எஞ்சின் மாடலு. பெட்டியத் திறந்தா வெறும் வெள்ளை பிளாஸ்டிக்கு, சோப்பு டப்பா மாதிரி. இப்ப பிளாஸ்டிக்குன்னு தெரியுதா?

ஜெயராஜ்: தூக்குனாத்தான் தெரியுது, கனமே இல்லையேன்னு. இந்த பிளாக்கு… இது அசல் இரும்புண்ணே. எப்படிப் பண்ணீங்க?

நாகையா: கறுப்பு அடிச்சு ரெண்டு நாள் காய வச்சேன். அப்புறம் பென்சில் முனையைச் சீவி, அந்தத் தூளைத் துணியில தொட்டுத் தொட்டுத் தேய்ச்சேன்.

ஜெயராஜ்: பென்சிலா? ஸ்கூல் பென்சிலா?

நாகையா: ஸ்கூல் பென்சில்தான்.

ஜெயராஜ்: மேல இருக்கற ஹெட்டு அலுமினியம் மாதிரியே இருக்கு. மங்கலா…

நாகையா: வெள்ளிப் பெயிண்டுல கொஞ்சம் திருநீறு கலந்தேன். பளபளப்பு அடங்கிரும்.

ஜெயராஜ்: சாமி தட்டுல இருந்தா? அண்ணிக்குத் தெரியுமா?

நாகையா: தட்டு அடிக்கடி காலியாவுதுன்னு எலியைத் திட்டிக்கிட்டு இருக்கா.

ஜெயராஜ்: பாவம் அந்த எலி. ஏர் கிளீனரு? இந்தக் குரோம் எங்க கிடைச்சுச்சு?

நாகையா: சிகரெட் பாக்கெட்டு உள்தாளு. நகத்தால நீவி நீவி ஒட்டுனது.

ஜெயராஜ்: இந்த வருஷ மாடல் போட்டியிலயும் ஜெயிக்கப்போறது நீங்கதான். பிரிக்பீல்ட்ஸ் பூரா தேடினாலும் இப்படி ஒரு ஆளு கிடைக்க மாட்டாரு. சரிண்ணே, எனக்கும் கொஞ்சம் வேலை கிடக்கு…

நாகையா: போட்டிய விடு. உக்காரு. கீழ பாரு, எக்ஸாஸ்ட் குழாயை.

ஜெயராஜ்: ம்.

நாகையா: என்ன ம்?

ஜெயராஜ்: பார்க்கறேன்.

நாகையா: துரு எப்படி வந்திருக்கு?

ஜெயராஜ்: நல்லாத்தான்… புள்ளி புள்ளியா வச்சிருக்கீங்க. பொறுமை வேணும்ணே இதுக்கெல்லாம்.

நாகையா: புள்ளிய நான் கேக்கல.

ஜெயராஜ்: கோப்பியில சீனி ஜாஸ்திண்ணே.

நாகையா: நானே கலந்தேன் ஜெயராஜு. முன்னெல்லாம் துரு அடிக்கணும்னா பெயிண்டு டின்னு மூடி இறுகிப் போச்சு, வந்து திறந்து குடுன்னு உன்னைக் கூப்பிடுவேன். நீயும் வந்து திறந்து, சரியான டின்னை என் கையில வச்சுட்டுப் போவ. இந்த வாட்டி கூப்பிடல. உங்க அண்ணியக் கேக்கல. பக்கத்து வீட்டுல கேக்கல. மூணு டின்னைத் திறந்து, நானே பார்த்து, நானே கலந்தேன்.

ஜெயராஜ்: ஏண்ணே திடீர்னு?

நாகையா: நாளைக்கு நீ இருக்க மாட்டியே. புது வேலைக்குன்னு நீ சிங்கப்பூருக்கு பஸ் ஏறிடுவ. பதினொரு வருஷமா என் பக்கத்துல நின்னு சிவப்பு அண்ணே, பச்சை அண்ணேன்னு சொல்லிச் சொல்லி ஒவ்வொரு வயரா எடுத்துக் குடுத்த. நான் உன்னை ஒரு நாளும் சொல்லச் சொல்லல. நீயும் எதுக்கு இப்படின்னு கேட்டதில்ல.

ஜெயராஜ்: அது… ஒரு பழக்கம்ணே.

நாகையா: பழக்கமாவே இருக்கட்டும். நாளைக்கு எட்டு மணிக்குக் கிள்ளான்ல மீனு கோல்ட் ரூம் வேலை. தரை பூரா தண்ணி. அங்க ஆளுங்க பாதி நேரம் வெறுங்கால்ல நிப்பாங்க. நம்ம முதலாளி தௌகே எனக்குப் புதுசா ஒரு ஆளக் குடுத்திருக்காரு, அவனுக்கு ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரிஞ்சா பெரிசு. வயரு கட்டறது நான் மட்டும்தான். இந்தத் துரு சரியா வந்திருந்தா எனக்குத் தைரியம். நீ இல்லாமலும் பார்த்துக்குவேன். அதான் கேக்கறேன். இது என்ன கலரு?

ஜெயராஜ்: துருவுல எத்தனையோ வகை இருக்குண்ணே…

நாகையா: ஜெயராஜு.

ஜெயராஜ்: சிலது கறுத்துப் போயிருக்கும், சிலது…

நாகையா: நீ சரின்னு சொன்னா நாளைக்கு வேலைக்குப் போவேன். அவ்வளவுதான் விஷயம்.

ஜெயராஜ்: இப்படிக் கழுத்துல கத்திய வச்சுக் கேட்டா நான் என்னண்ணே சொல்றது?

நாகையா: உள்ளதைச் சொல்லு.

ஜெயராஜ்: சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு எழுந்து போயிரலாம்னு பார்த்தேன். இப்பக்கூட வாய் வரைக்கும் வந்துருச்சு.

நாகையா: சொல்லு.

ஜெயராஜ்: பச்சை.

நாகையா: பச்சையா?

ஜெயராஜ்: நல்ல பச்சைண்ணே. பாசி பிடிச்ச மாதிரி இருக்கு. பிரவுன் ஒரு பொட்டுகூட இல்ல.

நாகையா: ரெண்டு பக்கமுமா?

ஜெயராஜ்: ரெண்டு பக்கமும்.

நாகையா: அஞ்சு வாரம்…

ஜெயராஜ்: மத்ததெல்லாம் அசல் இரும்புண்ணே, சத்தியமா…

நாகையா: அதுல எனக்குத் தப்பு வராது. உங்களுக்கெல்லாம் எல்லாமே ஒரே வெள்ளி. எனக்கு ஈயம் வேற, ஸ்டீல் வேற, தேய்ஞ்ச அலுமினியம் வேற. தனித்தனியாத் தெரியும். அதனாலதான் எஞ்சினோட நிறுத்திக்கறேன். காரு பாடி பக்கமே போறதில்ல.

ஜெயராஜ்: தெரியும்ணே.

நாகையா: எப்பலேருந்து?

ஜெயராஜ்: வேலைக்குச் சேர்ந்த மொத வாரமே. செலாயாங்ல வேலை முடிச்சுட்டு வர்றப்ப அண்ணி தக்காளி வாங்கிட்டு வரச் சொன்னாங்கன்னு பாசார்ல இறங்குனோம். நீங்க பொறுக்குனது பூரா காயி.

நாகையா: அன்னிக்கு அவ அதை ஊறுகா போட்டுட்டா.

ஜெயராஜ்: எனக்கும் ஒரு போத்தல் குடுத்தாங்க. நல்லா இருந்துச்சு.

நாகையா: சிரிக்காத.

ஜெயராஜ்: சிரிக்கலண்ணே. ஒண்ணு கேக்கணும்… வயரிங் லைசென்ஸ் எடுக்கறப்ப கண்ணு பார்ப்பாங்களே?

நாகையா: பார்த்தாங்க. ஒரு புத்தகம், பக்கம் பூரா புள்ளி, புள்ளிக்கு நடுவுல நம்பர் இருக்குன்னாங்க. எனக்கு முன்னால நின்னவனுக்கு வெண்கலத் தொண்டை. அவன் சொன்னதை அப்படியே மனப்பாடம் பண்ணி அதே வரிசையில ஒப்பிச்சேன்.

ஜெயராஜ்: அடப்பாவி… மன்னிச்சிருங்கண்ணே, வாய் தவறி வந்துருச்சு.

நாகையா: சொல்லிக்க. தகும்.

ஜெயராஜ்: அண்ணிக்குமா தெரியாது?

நாகையா: நான் கடை கண்ணிக்குப் போக சோம்பேறின்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். ஏண்டா, நாளைக்கு மீட்டர் வச்சு ஒவ்வொரு வயரா பார்த்துக் கட்டுனா என்ன?

ஜெயராஜ்: நூத்தி எழுபது பாயிண்டுண்ணே. தௌகே பின்னால நின்னு வாட்சைப் பார்த்துக்கிட்டே இருப்பாரு. மொத பத்து வயரு மீட்டர்ல பார்ப்பீங்க. அப்புறம் கண்ணை நம்ப ஆரம்பிச்சிருவீங்க.

நாகையா: நான் ஜாக்கிரதையான ஆளுடா. இத்தனை வருஷத்துல என் வயரிங்ல யாருக்காவது ஒண்ணு ஆயிருக்கா?

ஜெயராஜ்: …ஆயிருக்குண்ணே.

நாகையா: என்ன?

ஜெயராஜ்: எண்பத்திரெண்டுல, கிள்ளான்ல, துணி வெளுக்கற அந்த டோபிக் கடை. அன்னிக்கு பஸ் கெட்டுப்போயி நான் மத்தியானம்தான் வந்து சேர்ந்தேன். நீங்க தனியா நாலு பாயிண்டு கட்டி முடிச்சிருந்தீங்க.

நாகையா: அது ஈரக்கை. அங்க துணி துவைக்கற வீரம்மா ஈரக்கையோட மெஷினைத் தொட்டுச்சு, தூக்கிப் போட்டுச்சு. நீதானே சொன்ன?

ஜெயராஜ்: நான்தான் சொன்னேன். மெஷின் ஓடலையேன்னு அது கை வச்சிருக்கு. மறுநாள் நீங்க ஏணியில இருக்கறப்ப அந்த பாயிண்டைத் திறந்து பார்த்தேன். எர்த்துல பச்சைக்குப் பதிலா சிவப்பு. மெஷின் உடம்பு பூரா கரண்டு நின்னிருக்கு. சத்தமில்லாம மாத்திக் கட்டி மூடிட்டேன்.

நாகையா: அந்தம்மாவுக்கு ரெண்டு விரலு இன்னும் மடங்காது.

ஜெயராஜ்: ஆமா.

நாகையா: ஒவ்வொரு தீபாவளிக்கும் எனக்கு முறுக்கு குடுத்தனுப்புது.

ஜெயராஜ்: ஆமாண்ணே.

நாகையா: நானும் வாங்கித் தின்னுக்கிட்டு இருந்திருக்கேன்… ஏண்டா சொல்லல?

ஜெயராஜ்: சொன்னா நீங்க வேலைய விட்டுருவீங்க. அந்த வருஷம்தான் அண்ணிக்கு ஆப்பரேஷன். அதோட… உங்களுக்குக் கூடமாட நிக்கற மேட்டுன்னுதான் தௌகே எனக்கு வேலை குடுத்தாரு. நீங்க போனா நானும் போகணும். என் வயித்தையும்தான் பார்த்தேன், பொய் சொல்லல.

நாகையா: …இந்த மூணு டின்னுல பிரவுன் எது?

ஜெயராஜ்: இது.

நாகையா: இதைத்தான் பச்சைன்னு ஒதுக்கி வச்சேன்.

ஜெயராஜ்: விடுங்கண்ணே.

நாகையா: விட்டாச்சு. விடியக்காலையில தௌகே வீட்டுக்கே போயி சொல்லிடறேன்.

ஜெயராஜ்: என்னன்னு?

நாகையா: எனக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது, இனிமே வயரைத் தொட மாட்டேன்னு. ஸ்டோர்ல உக்காருன்னா உக்காருறேன். பைப்பு வளைன்னா வளைக்கறேன். வீட்டுக்குப் போன்னா போயிடறேன். அப்புறம் வீரம்மாவைப் போய்ப் பார்க்கணும். அதுகிட்ட என்ன பேசறதுன்னுதான் தெரியல.

ஜெயராஜ்: நெஜமாவே சொல்லப் போறீங்களா?

நாகையா: அம்பத்தொரு வயசாச்சு. காலையில எழும்பறப்பவே களைப்பா இருக்குடா. இன்னிக்கு எப்படி மறைக்கிறதுன்னு யோசிச்சுக்கிட்டேதான் சட்டை போடறேன். போதும்.

ஜெயராஜ்: தௌகே வீட்டுக்கு நானும் கூட வரட்டுமா?

நாகையா: நீ எப்படி வருவ? உன் பஸ்ஸைப் பாரு. எத்தனை மணிக்கு?

ஜெயராஜ்: காலையிலதான்.

நாகையா: எத்தனை மணின்னு கேட்டேன். பூடுராயா பஸ் ஸ்டாண்டுக்கு வந்து உன்னை ஏத்திவிட்டுட்டு அப்படியே தௌகேகிட்ட போறேன்.

ஜெயராஜ்: வேணாம்ணே. உங்களுக்கு எதுக்கு அலைச்சல்?

நாகையா: இதுல என்ன அலைச்சல். தனலெட்சுமியும் உன் பிள்ளைங்களும் எப்ப அங்க வர்றாங்க?

ஜெயராஜ்: பார்க்கலாம்.

நாகையா: சரி, அட்ரஸ் எழுதிக் குடு. லெட்டர் போடறேன். அந்தக் கம்பெனி பேரு என்னமோ சொன்னியே? ஏண்டா முழிக்கிற? இங்க பாரு. நான் உன்மேல கோவப்படல. டோபிக் கடை விஷயத்துக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். பதினொரு வருஷம் என்னைக் கட்டிக்கிட்டு அழுத. இப்பத்தான் உனக்குன்னு ஒரு நல்லது நடந்திருக்கு. என்னைப் பத்தி நெனைக்காம நிம்மதியா போ.

ஜெயராஜ்: அப்படிப் பேசாதீங்கண்ணே.

நாகையா: மனசாரத்தான் சொல்றேன். அட்ரஸைச் சொல்லு, இந்த பெட்டி மூடியிலயே எழுதிக்கறேன்.

ஜெயராஜ்: சிங்கப்பூரே இல்லண்ணே. கம்பெனியும் இல்ல, பஸ்ஸும் இல்ல. வேலைய விட்டதோட சரி, நாளைக்குக் காலையில நான் வீட்டுலதான் கிடப்பேன். அந்த டோபிக் கடைக்கு அப்புறம் நாலு வருஷமா நான் ஒரு நாள்கூட லீவு போடல. காய்ச்சலோட வந்தேன். சின்னவன் பொறந்தப்ப ஆஸ்பத்திரிக்குப் போகாம உங்க பக்கத்துல நின்னு வயரு எடுத்துக் குடுத்தேன். ராத்திரி தூக்கத்துல நான் சிவப்பு பச்சைன்னு சொல்றேனாம், தனலெட்சுமி சொல்றா. உங்களுக்குக் கலரு சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப் போச்சுண்ணே. அதை உங்க மூஞ்சியப் பார்த்துச் சொல்ல முடியல… அதான் சிங்கப்பூர்னு சொன்னேன்.