ஒன்று தண்ணீரில் இருக்கும்வரை

உங்கள் நாற்காலியின் ஒரு கால் குட்டை, ஐயா. அட்டையை நான்காக மடித்து முட்டுக் கொடுத்தால் ஆடாது. தப்பாக நினைக்காதீர்கள், இருபத்தாறு வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன். ஆடுகிற எதைக் கண்டாலும் கை சும்மா இருக்காது.

தையற்காரன் கொண்டுவந்து கொடுத்த சிவப்புக் கிளிப்பைப் பற்றித்தானே கேட்டீர்கள். வருகிறேன். அதற்கு முன் மீனைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தலையும் புரியாது வாலும் புரியாது.

கடல் விரால் என்று ஒரு மீன். ஆள் நீளம் வளரும். கரையிலிருந்து இரண்டு மணி நேரம் போனால் கப்பல்களுக்கு வழிகாட்டும் இரும்பு மிதவை ஒன்று இருக்கிறது. அதன் நிழலில் கும்பலாக நிற்கும். கூட்டாளி மேல் அதற்கு அப்படி ஒரு பாசம். ஒன்று தூண்டிலில் மாட்டினால் மற்றவை ஓடிப்போகாது, கூடவே மேலே வரும். மாட்டியதை உடனே தூக்கிவிட்டால் கும்பல் கலைந்துவிடும். தூக்காமல் தண்ணீரிலேயே விட்டுவைத்தால் படகைச் சுற்றிச் சுற்றி வரும். ஒன்று தண்ணீரில் இருக்கும்வரை மற்றவை போகாது. பல தடவை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் நாலு பேர். தையற்காரன், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவன், நான். பதினேழு வருஷமாக மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை என் படகில் போவோம். பெரிய அலை வந்தால் டிரைவிங் ஸ்கூல்காரன் வலது காலால் பிரேக் மிதிப்பான். "நல்லா மிதி மாமா, கடல் நிக்கும்" என்பான் கண்ணாடிக்காரன். பதினேழு வருஷமும் அதே ஜோக். பதினேழு வருஷமும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

மற்ற நாட்களில் நான் லிஃப்ட் குழிக்குள் இருப்பேன். கிரீஸ் நாற்றம், தலைக்கு மேல் தொங்கும் பெட்டி. வேலை முடிந்தால் பட்டறைக்குப் பின்னால் ஓர் அறை, ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். மனைவி போய்ப் பன்னிரண்டு வருஷம். இறந்துபோகவில்லை, போய்விட்டாள். எனக்கு அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருந்தது. கடல் கொந்தளித்துப் போக முடியாத மாதங்களில் எனக்கு மூச்சு முட்டும். பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே முட்டும்.

பதினாலு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு. படகை மிதவையில் கட்டியாயிற்று. கண்ணாடிக்காரன் தூண்டிலைப் போட்டுவிட்டுச் சொன்னான்.

"மச்சான், கடையை வித்தாச்சு. மகன்கூடவே போய் இருக்கப்போறேன். எனக்கு இதுதான் கடைசி டிரிப்."

"கொஞ்சம் யோசிச்சுச் செய்யலாமேடா," என்றேன்.

"தண்ணி தலைக்கு மேல போயாச்சு. இனி சாண் என்ன, முழம் என்ன."

டிரைவிங் ஸ்கூல்காரன் முழங்காலைத் தடவிக்கொண்டே, "இவன் இல்லாம நமக்கு மட்டும் எதுக்கு? நாமளும் நிறுத்திக்கலாம்" என்றான். தையற்காரன், "என் வீட்டுக்காரிக்கும் நிம்மதி" என்றான். பதினேழு வருஷத்தை மூன்று நிமிஷத்தில் மடித்து வைத்துவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஃபிளாஸ்க்கைத் திறந்து எல்லோருக்கும் டீ ஊற்றிக் கொடுத்தேன்.

பெரிய மீன் கண்ணாடிக்காரனுக்குத்தான் மாட்டியது. கடல் விராலை நன்றாகக் களைக்க வைக்காமல் படகில் ஏற்றக் கூடாது. தெம்போடு ஏற்றினால் துள்ளித் துள்ளிப் படகையே பிரித்துவிடும். எங்கள் நாலு பேருக்கும் இது அத்துப்படி. அன்று நான் இரண்டு கையாலும் கொக்கிக் கம்பைப் போட்டுச் சீக்கிரமே தூக்கிவிட்டேன். கை அவசரப்பட்டுவிட்டது. மீன் வாலை வீசியது. தையற்காரனின் காலை முள் கிழித்தது. கண்ணாடிக்காரன் தடுமாறி மல்லாந்து கடலில் விழுந்தான். உயிர்காப்பு உடுப்பு நாலும் எங்கள் அடியில் இருந்தன. மெத்தென்று இருக்கும் என்று எப்போதும் அவற்றின் மேல்தான் உட்காருவோம்.

இதுவரை விபத்து. அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

எஞ்சினில் ஒரு சிவப்புக் கிளிப் உண்டு. அது இல்லாமல் கிளம்பாது. "கிளிப் கடல்ல விழுந்துடுச்சு" என்றேன். அது என் கால்சட்டையில் இருந்தது. நீரோட்டம் அவனைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. டிரைவிங் ஸ்கூல்காரன் ஓர் உடுப்பை வீசினான். அது பத்தடி தள்ளி விழுந்தது. மூக்குக்கண்ணாடி கழன்றுபோன பிறகு கண்ணாடிக்காரனுக்கு எதிரில் நிற்கிற ஆளே தெரியாது, உடுப்பு எங்கே தெரியும். "லெஃப்டு, லெஃப்டு" என்று டிரைவிங் ஸ்கூல்காரன் தொண்டை கிழியக் கத்தினான்.

எங்கள் தொழிலில் பால பாடம் ஒன்று இருக்கிறது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு முதலில் குரல் கொடுக்க வேண்டும். "இதோ வந்துட்டேன், அஞ்சே நிமிஷம்." இரண்டு மணி நேரம் ஆனாலும் அஞ்சே நிமிஷம்தான். அந்தக் குரலைக் கேட்டால் கதவை உடைக்க மாட்டார்கள், நம்பிக்கொண்டு நிற்பார்கள். அதே குரலில் சொன்னேன்.

"கை காலை அடிக்காதடா, அப்படியே மிதந்துக்கிட்டு இரு. அஞ்சே நிமிஷம், வந்துட்டேன்."

"சரி மச்சான்" என்றான். இடது பக்கம் திரும்பவில்லை. மூன்று தடவை "சரி மச்சான்" என்று பதில் சொன்னான். மூன்றாவது ரொம்பத் தூரத்தில் கேட்டது.

கயிற்றை அவிழ்க்கப் போனார்கள். எஞ்சின் இல்லாமல் அவிழ்த்தால் நாமும் போய்விடுவோம் என்றேன். நியாயமான பேச்சு, யாராலும் மறுக்க முடியவில்லை. டிரைவிங் ஸ்கூல்காரன் குதிக்கப் பார்த்தான். சட்டையைப் பிடித்து இழுத்து, "ஒருத்தன் போதும்டா" என்றேன். அவன் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டான். என் தோளில் சாய்ந்து அழுதான்.

கிளிப் இல்லாவிட்டால் ஒரு துண்டுக் கம்பியைச் சுற்றி எஞ்சினைக் கிளப்பலாம். ஒரு நிமிஷ வேலை. நான் நாற்பது நிமிஷம் செய்தேன்.

மூன்று நாள் தேடினார்கள், உடல் கிடைக்கவில்லை. அவன் மகனை நினைத்தால் பாவமாக இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு கூடத் தவறவில்லை, ஐயா. முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு டிரைவிங் ஸ்கூல்காரன் வந்தான். தையற்காரன் நாலு டம்ளர் கொண்டுவந்தான். தூண்டில் போட மாட்டோம். மிதவையில் கட்டிவிட்டு உட்கார்ந்திருப்போம். "வராம இருக்க முடியலடா, அங்க அவன் தனியா இருக்கான்" என்றான் தையற்காரன். அதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது.

இடுப்பு பெருத்துவிட்டது என்று அந்தக் கால்சட்டையை அவனிடமே பிரித்துத் தைக்கக் கொடுத்தேன். பட்டைக்கு உள்பக்கம் இருந்த சின்னப் பையில் கிளிப். மறந்தே போய்விட்டேன். மனசில் குற்றம் இருந்தால் மறந்திருக்குமா, நீங்களே சொல்லுங்கள்.

நல்ல கேள்வி. இரண்டு கையும் கொக்கிக் கம்பில் இருந்தபோது கிளிப்பை எப்போது எடுத்தேன் என்கிறீர்கள். அப்போது எடுக்கவில்லை. அதற்கு முன்பே எடுத்துவிட்டேன். டீ ஊற்றிக் கொடுத்த உடனே.

கையெழுத்துப் போடுகிறேன், பேனாவைக் கொடுங்கள். வெளியே பெஞ்சில் அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள். முழங்கால் வலிக்காரனுக்கு மட்டும் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள். நாலு நாளாக யாருமே வரவில்லை என்கிறார் உங்கள் ஏட்டு. அவருக்கு இந்த மீனைப் பற்றித் தெரியாது. இப்போது மாட்டியிருப்பது நான் அல்லவா. வந்துவிடுவார்கள், ஐயா. அஞ்சே நிமிஷம்.